கிணற்றில் தெரிந்த முகம் யாருடையது? இயேசு ஆய்வில் நடுநிலை என்று ஒன்று உண்டா

#1 ஏட்டுச்சுரைக்காய்

ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி. இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். நான் இந்துக் குடும்பம், பத்தாவது வரை படித்தது சிஸ்டர்கள் நடத்திய பள்ளியில். பைபிள் கதைகள் அப்போதே பழக்கம். இரண்டு வருடமாக அதையே வரலாறாகப் படிக்கலாம் என்று இறங்கியிருக்கிறேன். இயேசு என்ற மனிதர் யார், அவர் போன இருபது முப்பது வருடத்தில் சபைகள் எப்படி முளைத்தன, அவ்வளவுதான் தெரிய வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், விசுவாசி எழுதியதை எடுத்தால் முன்னுரையிலேயே முடிவு தெரிந்துவிடுகிறது. விசுவாசம் இல்லாதவர் எழுதியதை எடுத்தாலும் அப்படியே, முடிவுதான் வேறு. ஒருவருக்கு இயேசு புரட்சிக்காரர், இன்னொருவருக்கு ஊர் சுற்றும் ஞானி, மூன்றாமவருக்கு உலகம் முடியப்போகிறது என்று எச்சரித்த தீர்க்கதரிசி. மூவரும் படிப்பது அதே நாலு சுவிசேஷம், அதே பவுலின் கடிதங்கள்.

இறையியலாளர் ஆல்பர்ட் ஸ்வைட்சர் 1906-லேயே இதைச் சொல்லிவிட்டார்: இயேசுவைத் தேடிப் போனவர்கள் ஆழமான கிணற்றை எட்டிப் பார்த்து, அடியில் தெரிந்த தங்கள் முகத்தையே இயேசு என்று நினைத்துக்கொண்டார்கள். அப்படியானால் நடுநிலையான ஆய்வு என்று இந்தத் துறையில் உண்டா? யார் எழுதியதை நம்பிப் படிக்கலாம்?

#2 கருஞ்சட்டை

இதற்கு இவ்வளவு யோசனை எதற்கு? வழக்குப் போட்டவரையே நீதிபதி நாற்காலியில் உட்கார வைப்பார்களா? இந்தத் துறையில் வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேருக்குச் சம்பளம் கொடுப்பது சபை, இல்லாவிட்டால் சபை கைவைத்திருக்கும் கல்லூரி.

ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் புதிய ஏற்பாடு நடத்திய கெர்ட் லூடெமான், தான் இனி கிறிஸ்தவன் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். என்ன ஆயிற்று? அவர் வகித்த பதவியின் பெயரையே மாற்றி, பாதிரியார் ஆகப்போகும் மாணவர்களுக்குப் பாடம் எடுப்பதிலிருந்து ஒதுக்கினார்கள். 2008-ல் அந்த நாட்டு அரசியல் சாசன நீதிமன்றமும் பல்கலைக்கழகம் செய்தது சரி என்றது. இது நடந்தது இடைக்காலத்தில் இல்லை, நம் காலத்தில். ஆகவே சபைக்கு வெளியே இருப்பவர் எழுதியதை மட்டும் படியுங்கள். என்னைக் கேட்டால் இயேசு என்று ஒரு ஆள் இருந்தாரா என்பதே சந்தேகம்.

#3 நாசரேத்காரன்

முதலில் ஒரு விளக்கம். என் பெயரில் உள்ள நாசரேத், தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். கலிலேயாவுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, சண்டைக்கு வராதீர்கள்.

கருஞ்சட்டை அண்ணன் சொன்ன கணக்கில் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டேவிட் ஃப்ரீட்ரிக் ஸ்ட்ராவுஸ் 1835-ல் இயேசு வரலாற்றை எழுதினார், சுவிசேஷ அற்புதங்கள் தொன்மக் கதைகள் என்றார், ஜெர்மனியின் ட்யூபிங்கனில் வேலை போனது. 1839-ல் சூரிச்சில் பேராசிரியர் பதவி கொடுத்தார்கள். மக்கள் கொதித்தெழ, ஒரு வகுப்புக்கூட எடுக்காமலே ஓய்வூதியம் கொடுத்து அனுப்பினார்கள். அதோடும் கோபம் அடங்கவில்லை, அந்த வருடமே அங்கே அரசாங்கமே கவிழ்ந்தது. கத்தோலிக்கப் பக்கம் பிரெஞ்சு பைபிள் அறிஞர் ஆல்ஃப்ரெட் லுவாஸி, 1908-ல் சபையை விட்டு நீக்கம். சபை ஆய்வாளரை மிரட்டியிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் "வெளியே" இருப்பவர் என்று யாரைச் சொல்கிறீர்கள்? எனக்குத் தெரிந்த வரையில் இந்தத் துறைக்குச் சும்மா வந்தவர் யாருமில்லை. விசுவாசத்தால் வந்தவர், விசுவாசத்தை இழந்து அந்தக் காயத்தோடு நிற்பவர், வீட்டுப் பெரியவர்களோடு தீராத வழக்கை இங்கே வந்து பேசுபவர். அக்கறை இல்லாதவன் கிரேக்கமும் அரமேயமும் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்வானா?

#4 மறைக்கல்வி டீச்சர்

ஏட்டுச்சுரைக்காய் சார், தவறாக நினைக்கக்கூடாது. அந்தக் கிணறு ஸ்வைட்சருடையது இல்லை. அதைச் சொன்னவர் ஜார்ஜ் டிரெல். அயர்லாந்துக்காரர், ஆங்கிலிக்கனாகப் பிறந்து கத்தோலிக்கராகி, இயேசு சபைக் குருவானவர். அந்தத் துறவுச் சபையே அவரை வெளியேற்றியது. 1907-ல் அருளடையாளங்களும் (நற்கருணை போன்ற திருச்சடங்குகள்) மறுக்கப்பட்டன. 1909-ல் இறந்தபோது கத்தோலிக்க அடக்கம்கூடக் கிடைக்கவில்லை. அந்த வருடம் வந்த அவருடைய கடைசிப் புத்தகத்தில்தான் கிணறு வருகிறது.

இன்னொன்று, அவர் பொதுவாக எல்லா ஆய்வாளரையும் சொல்லவில்லை. குறி வைத்தது ஒரே ஆளை: பெர்லினில் பாடம் நடத்திய அடோல்ஃப் ஹார்னாக். கடவுளின் தந்தைமை, மனித ஆன்மாவின் விலைமதிப்பு, அன்பு, இதுதான் இயேசுவின் சாரம் என்று 1900-ல் புத்தகமாகப் போட்டவர். பத்தொன்பது நூற்றாண்டுக் கத்தோலிக்க இருட்டைத் தாண்டி ஹார்னாக் பார்க்கும் கிறிஸ்து, கிணற்றடியில் தெரியும் தாராளவாதப் புராட்டஸ்டண்ட் முகம் என்றார் டிரெல். அதாவது ஒரு கத்தோலிக்கர் ஒரு புராட்டஸ்டண்டுக்கு வைத்த குட்டு. எல்லாருக்கும் பொதுவான தத்துவமாக நாம் மேற்கோள் காட்டும் வாக்கியமே ஒரு கட்சியின் வாயிலிருந்து வந்ததுதான்!

எங்கள் தமிழிலேயே இது உண்டு. நீங்கள் "சுவிசேஷம்" என்று எழுதியதுமே, உங்களுக்குப் பைபிள் புராட்டஸ்டண்ட் பதிப்பில் பழக்கமாயிற்றோ என்று நினைத்தேன். நாங்கள் "நற்செய்தி" என்போம். அவர்களுக்கு அப்போஸ்தலர், எங்களுக்குத் திருத்தூதர். அவர்களுக்கு ஞானஸ்நானம், எங்களுக்குத் திருமுழுக்கு. என் பாட்டி பேதுருவை இராயப்பர், பவுலைச் சின்னப்பர், யோவானை அருளப்பர் என்றுதான் கடைசி வரை சொன்னார். வாயைத் திறந்து ஒரு பெயர் சொல்வதற்குள் எந்தக் கோயில் என்று தெரிந்துவிடும். இதில் நடுநிலைச் சொல்லுக்கு எங்கே போவது?

#5 ஏட்டுச்சுரைக்காய்

டீச்சர், வெட்கமாக இருக்கிறது. அந்த வாக்கியத்தை ஸ்வைட்சர் பெயரில் மூன்று இடத்திலாவது படித்திருப்பேன். சரிபார்க்கத் தோன்றவே இல்லை, எனக்குப் பிடித்திருந்தது என்பதுதான் காரணம். (பள்ளி சிஸ்டர்கள் நடத்தியது என்றாலும் வீட்டில் இருந்த பைபிள் எதிர்வீட்டு சி.எஸ்.ஐ. மாமா கொடுத்தது. சரியாகப் பிடித்துவிட்டீர்கள்.)

#6 நாசரேத்காரன்

ஸ்வைட்சர் சொன்னதில் இதைவிடக் காரமானது ஒன்று உண்டு. அன்பு மட்டுமல்ல, வெறுப்பும் இயேசுவின் வரலாற்றை எழுதும், அதில் மிகப் பெரியவை வெறுப்பிலிருந்து வந்தவைதான் என்று 18-ம் நூற்றாண்டு ஜெர்மன் அறிஞர் ரைமாருஸையும் ஸ்ட்ராவுஸையும் காட்டுகிறார். இயேசு என்ற மனிதரைவிட, அவரைச் சுற்றிப் பூட்டிய தெய்வீக ஒளிவட்டத்தின் மேல் இருந்த வெறுப்பு. அந்த வெறுப்புதான் அவர்கள் கண்ணைக் கூர்மையாக்கியது என்கிறார். இதைச் சொன்னவர் பின்னால் மருத்துவம் படித்துவிட்டு, 1913-ல் ஆப்பிரிக்காவில் லம்பரேனேவுக்கு ஆஸ்பத்திரி நடத்தப் போன விசுவாசி. கருஞ்சட்டை அண்ணன் சந்தோஷப்படட்டும்.

#7 கருஞ்சட்டை

சந்தோஷம்தான். ஆனால் அன்பும் வெறுப்பும் எனக்கு வேண்டாம், ஆதாரம் வேண்டும். கல், காசு, ஓலை. அவற்றுக்கு விருப்பு வெறுப்பு கிடையாது.

#8 கல்வெட்டுப்பித்தன்

"ஓலைக்கு விருப்பு வெறுப்பு கிடையாது" என்றீர்களே, அங்கேதான் நான் நுழைய வேண்டியிருக்கிறது. ஒரு துணுக்கின் கதையைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மான்செஸ்டரில் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் ஒரு பப்பைரஸ் (எகிப்திய நாணல் தாள்) துண்டு இருக்கிறது. பி52 என்று எண். உயரம் 9 சென்டிமீட்டருக்கும் குறைவு, அகலம் சுமார் 6. உள்ளங்கையில் அடங்கிவிடும். இரண்டு பக்கமும் கிரேக்க எழுத்து, யோவான் 18-ம் அதிகாரம், பிலாத்து இயேசுவை விசாரிக்கும் கட்டம். பின்பக்கத்தில் ஒரு வரி "அவரிடம் சொல்கிறான்" என்பதோடு நிற்கிறது. அடுத்து வரவேண்டியது பிலாத்துவின் கேள்வி, நம் பழைய பைபிளில் "சத்தியமாவது என்ன". அந்தக் கேள்வி இருந்த இடம் கிழிந்து போய்விட்டது. யாரோ வேண்டுமென்றே கிழித்த மாதிரி இருக்கும், இல்லை, சும்மா அப்படி அமைந்தது.

இதை 1920-ல் கிரென்ஃபெல் என்ற ஆங்கிலேயப் பப்பைரஸ் அறிஞர் எகிப்தில் விலைக்கு வாங்கினார். எந்த ஊரில், எந்தக் குப்பைமேட்டில் கிடைத்தது என்ற விவரம் இல்லை. சி.எச். ராபர்ட்ஸ் அடையாளம் கண்டு 1935-ல் வெளியிட்டார். எழுத்தமைதியை வைத்து 2-ம் நூற்றாண்டின் முதல் பாதி என்று கணித்தார், கவனமாகவே எழுதினார். ஆனால் கைக்கு எட்டிய அறிமுக நூல்களைப் புரட்டினால் "கி.பி. 125" என்று ஒற்றை எண்ணாக நிற்கும்.

ஏன் 125-ல் அவ்வளவு ஆசை? அதற்கு நூறு வருடம் பின்னால் போக வேண்டும். ட்யூபிங்கனில் எஃப்.சி. பாவுர் என்று ஒரு பெருந்தலை, ஸ்ட்ராவுஸின் ஆசிரியர். பேதுருவின் யூதக் கிறிஸ்தவம் ஒரு பக்கம், பவுலின் புறஇன (யூதரல்லாதார்) கிறிஸ்தவம் மறுபக்கம், இரண்டும் மோதி, கடைசியில் சமரசமாகிக் கத்தோலிக்கச் சபை பிறந்தது என்பது அவர் வரைந்த படம். எதிரெதிரானவை மோதி இணையும் என்ற தத்துவஞானி ஹெகலின் வாடை தூக்கலாக அடிக்கும். யோவான் சுவிசேஷம் சமரசத்துக்குப் பிந்தியதாக இருந்தால்தான் படம் பொருந்தும், எனவே அதை 170-ஐ ஒட்டித் தள்ளினார். திட்டத்துக்கு ஏற்ற தேதி. பி52 வந்ததும் மரபுவழி ஆட்கள் துள்ளிக் குதித்தார்கள்: எகிப்தில் 125-லேயே பிரதி இருக்கிறது, பாவுர் காலி!

2005-ல் பிரென்ட் நொங்ப்ரி என்பவர் பொறுமையாக உட்கார்ந்து, தேதி எழுதப்பட்ட பப்பைரஸ்களோடு இந்தக் கையெழுத்தை ஒப்பிட்டுக் காட்டினார். இதே மாதிரி எழுத்துகள் 2-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும், 3-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்கூடக் கிடைக்கின்றன. யோவான் பிந்தியது என்று அவர் சொல்லவில்லை. இந்தத் துணுக்கின் தலையில் அவ்வளவு பெரிய பாரத்தை ஏற்றாதீர்கள் என்றார், அவ்வளவுதான்.

கணக்குப் பாருங்கள். ஒரு ஆசை 170 என்றது, இன்னொரு ஆசை 125 என்றது. ஓலை வாயே திறக்கவில்லை. நானே வட்டெழுத்துக் கல்வெட்டு படிக்கப் பழகியபோது ஆசிரியர் எழுத்தமைதி பார்த்து "ஐம்பது வருடம் முன்பின்" என்பார். நாங்கள் பஸ் ஏறி வீடு சேர்வதற்குள் அந்த ஐம்பது எங்கோ விழுந்துவிடும், நோட்டில் ஒரே ஒரு வருடம்தான் இருக்கும்.

#9 லேப் எலி

கல்வெட்டுப்பித்தன் சொன்னதற்கு ஒரு துணைக்கதை. நான் வேதியியல் ஆய்வகத்தில் குப்பி கழுவிப் பிழைப்பவள், இறையியல் தெரியாது.

2012 செப்டம்பரில் ரோமில் நடந்த காப்டிக் ஆய்வு மாநாட்டில் ஹார்வர்ட் பேராசிரியர் கேரன் கிங் ஒரு பப்பைரஸ் துண்டை அறிவித்தார். ஏறக்குறைய ஏடிஎம் அட்டை அளவு. காப்டிக் (எகிப்தியக் கிறிஸ்தவர்களின் பழைய மொழி) மொழியில் "இயேசு அவர்களிடம் சொன்னார், என் மனைவி..." என்று ஒரு வரி. உலகப் பத்திரிகைகள் எல்லாம் தலைப்புச் செய்தி. 2014-ல் ஆய்வக முடிவுகள் வந்தன. கார்பன் கணிப்பில் பப்பைரஸ் 7, 8-ம் நூற்றாண்டு வாக்கில் வருகிறது. மையை ராமன் நிறமாலையில் (நம் திருச்சி ராமனேதான்) பார்த்தார்கள், பழங்காலத்து விளக்குக்கரி மைக்குப் பொருந்துகிறது. "அறிவியல் நிரூபித்துவிட்டது" என்று அன்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நானும் நாலு பேருக்கு அனுப்பினேன். தொழில் தெரிந்த நானே.

எங்கள் கருவி சொன்னது என்ன? "இந்தப் புல் பழசு, இந்தக் கரி கரிதான்." எழுதப்படாத பழைய பப்பைரஸை விலைக்கு வாங்கலாம். விளக்குக்கரியை யார் வீட்டு அடுப்படியிலும் எடுக்கலாம். எப்போது எழுதினார்கள் என்ற கேள்வியை யாரும் கருவியிடம் கேட்கவில்லை, கேட்டாலும் அது சொல்லாது.

மாட்டிக்கொடுத்தது காப்டிக் இலக்கணம் தெரிந்த கண்கள். தோமா நற்செய்தி என்று ஒரு பழைய நூல் இருக்கிறது. அதிலிருந்து துண்டு துண்டாக வெட்டி ஒட்டின மாதிரி வரிகள் இருந்தன. அந்த நூலை ஒருவர் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்போடு இணையத்தில் போட்டிருந்தார். அதில் விழுந்த தட்டச்சுப் பிழை ஒன்று, எத்தனையோ நூற்றாண்டு பழையதாம் இந்தத் துண்டிலும் அப்படியே இருக்கிறது! அப்புறம் அதே ஆள் கொடுத்த இன்னொரு துண்டு, யோவான் நற்செய்தி, அதே கையெழுத்து. அதை 1924-ல் அச்சான ஒரு பதிப்போடு வைத்துப் பார்த்தால், ஒரு வரி விட்டு ஒரு வரி, வரி முறியும் இடம் உட்பட அப்படியே காப்பி. அந்தத் துண்டின் வட்டாரமொழி, கார்பன் சொல்லும் காலத்துக்கு முன்பே வழக்கொழிந்தது. 2016-ல் ஒரு பத்திரிகையாளர் அதைக் கொடுத்தவரின் பின்னணியைத் தோண்டியதும், போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று கிங்கும் ஒத்துக்கொண்டார்.

கிங்குக்கு ஒரு விஷயத்தில் கைதட்டுவேன். ஆரம்பத்திலேயே நல்ல படங்களையும் வாசகத்தையும் பொதுவில் போட்டுவிட்டார். தட்டச்சுப் பிழையைப் பிடிக்க முடிந்தது அதனால்தான். அவர் பூட்டி வைத்திருந்தால் இன்றைக்கும் எங்கள் கருவியின் சான்றிதழ்தான் நடமாடிக்கொண்டிருக்கும்.

#10 கருஞ்சட்டை

சரி, கருவியும் காலை வாரியது. அப்போது விதிமுறையாவது உண்டா? யார் கையில் எடுத்தாலும் ஒரே விடை தரும் விதி?

#11 நாசரேத்காரன்

விதி செய்து பார்த்தார்கள் அண்ணே. எனக்குப் பிடித்தது "சங்கடம்" என்ற அளவுகோல். சபைக்குத் தர்மசங்கடமான செய்தியைச் சபையே கட்டிவிட்டிருக்காது என்பது அதன் தர்க்கம்.

யோவான் ஸ்நானகன் இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கதையை எடுங்கள். அது பாவமன்னிப்புக்கான மனந்திரும்புதலின் ஞானஸ்நானம். பாவமில்லாதவர் ஏன் போய் வரிசையில் நின்றார்? மாற்கு கூச்சமில்லாமல் சொல்லிவிடுகிறார். மத்தேயுவில் யோவான் தயங்குகிறார், நான் உம்மிடம் வாங்க வேண்டியிருக்க நீர் என்னிடம் வரலாமா என்கிறார். லூக்காவில் யோவானைச் சிறைக்கு அனுப்பிய செய்தி முடிந்த பிறகுதான் இயேசுவின் ஞானஸ்நானம் வருகிறது, கொடுத்தவர் பெயரே அந்த வாக்கியத்தில் இல்லை. நாலாவது சுவிசேஷத்தில் ஆவி இறங்கியதற்கு யோவான் சாட்சி சொல்கிறார், தண்ணீரில் முழுக்கியதைப் பற்றி மூச்சு இல்லை. மாற்கு தவிர மற்ற மூவரும் ஒரே பள்ளத்தைத் தாண்டக் கஷ்டப்படுகிறார்கள். அங்கே பள்ளம் இருந்தது என்று சொல்ல விசுவாசம் தேவையில்லை, அவிசுவாசமும் தேவையில்லை.

#12 கல்வெட்டுப்பித்தன்

அது நல்ல விதி. அதன் அண்ணன் ஒருவன் இருக்கிறான், அவன்தான் ஆபத்து. "வேற்றுமை" அளவுகோல். இயேசு சொன்னதாக உள்ள ஒரு வாக்கு, அக்கால யூதர் சொல்லக்கூடியதாகவும் இல்லாமல், பிற்காலச் சபை சொல்லக்கூடியதாகவும் இல்லாமல் இருந்தால், அது இயேசுவுடையதே. கேட்க எவ்வளவு சுத்தமாக இருக்கிறது! ஆனால் யூதத்தன்மை எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிச்சத்தை எடுத்தால் மிச்சத்தில் யார் இருப்பார்? யூதர் அல்லாத ஒரு யூதர். நம்மூர்ப் புலவர் ஒருவர் தமிழில் புழங்காத சொல்லாகப் பொறுக்கி, அதுதான் அவர் எழுதியது, மற்றதெல்லாம் இடைச்செருகல் என்றால் எப்படி இருக்கும்?

இது விளையாட்டு இல்லை. 1939-ல் ஐசெனாக்கில், ஜெர்மன் சபை வாழ்வில் யூதச் செல்வாக்கை ஆராய்ந்து ஒழிப்பதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அதன் ஆய்வுத் தலைவர் வால்டர் கிரண்ட்மான், பயிற்சி பெற்ற புதிய ஏற்பாட்டு அறிஞர். அடுத்த வருடமே, கலிலேயரான இயேசு யூத இனத்தவராக இருக்க வாய்ப்பில்லை என்று அடிக்குறிப்புகளோடு ஒரு புத்தகம். போர் முடிந்தபின் அவரே கிழக்கு ஜெர்மனியில் மாற்கு, லூக்கா, மத்தேயுவுக்கு உரை எழுதினார். அந்த உரைகள் இறையியல் மாணவர்களின் மேஜையில் பல காலம் இருந்தன.

"அவர் நாஜி, அதனால் அப்படி" என்று முடித்துவிடலாம் என்றால் அடுத்ததைக் கேளுங்கள். வேற்றுமை அளவுகோலை 1953-ல் ஒரு புகழ்பெற்ற உரையில் கூர்மையாக வகுத்தவர் எர்ன்ஸ்ட் கேஸெமான். அவர் ஹிட்லர் ஆட்சியை எதிர்த்த சபைப் பிரிவைச் சேர்ந்தவர், 1937-ல் கெஸ்டபோ (ஹிட்லரின் ரகசியப் போலீஸ்) பிடித்துச் சிறையில் வைத்தது. மனதில் கறை இல்லாத மனிதர். ஆனாலும் அவர் கையில் இருந்த சல்லடை யூதரைத்தான் சலித்துக் கொட்டியது. ஆளின் மனசு சுத்தம் என்று சான்றிதழ் வாங்கி என்ன செய்வது?

அதை உடைத்ததும் மனிதர்கள்தான். ஹங்கேரியில் யூதராகப் பிறந்து, கத்தோலிக்கக் குருவாகி, மறுபடி யூத அடையாளத்துக்குத் திரும்பிய கெசா வெர்மெஷ் 1973-ல் இயேசுவைக் கலிலேய யூதப் பக்திமான்கள் நடுவில் நிறுத்தினார். 1977-ல் ஈ.பி. சாண்டர்ஸ் என்ற புராட்டஸ்டண்ட், அக்கால யூத மதத்தை வெறும் சடங்குக் கணக்காகக் காட்டுவது லூத்தர் ரோமோடு போட்ட சண்டையை முதல் நூற்றாண்டுக்குள் ஏற்றுவது என்று மூல நூல்களை அடுக்கிக் காட்டினார். வெர்மெஷுக்குத் தன் வரலாறே உந்துதல். அதற்காக அவர் காட்டிய ரப்பிமார் (யூத மத ஆசிரியர்கள்) நூல்கள் பொய்யாகிவிடுமா?

#13 மயிலை வாசி

இவ்வளவு பேசுகிறீர்களே, தோமையார் சென்னைக்கு வந்தாரா இல்லையா?

#14 கல்வெட்டுப்பித்தன்

சுருக்கமாக: அவர் இந்தியா வந்த கதை முதலில் விரிவாக வருவது "தோமாவின் பணிகள்" என்ற 3-ம் நூற்றாண்டுச் சிரியாக் நூலில். அதில் வரும் குந்தபோரஸ் ராஜாவைக் கற்பனை என்றே பலர் நினைத்தார்கள். 19-ம் நூற்றாண்டில் வடமேற்கில் அவர் பெயரோடு காசுகள் கிடைத்தன. காசு ராஜாவுக்குச் சாட்சி, தோமையாருக்கு அல்ல. மயிலாப்பூருக்கு இன்னும் தூரம் இருக்கிறது.

#15 நிர்வாகி

தோமையாருக்குத் தனி இழை திறக்கவும். சென்ற முறை அந்தப் பேச்சு 400 பதிவு போய் இரண்டு பேரை நீக்க வேண்டி வந்தது. இங்கே வேண்டாம்.

#16 ஏட்டுச்சுரைக்காய்

என் கேள்விக்கே வருகிறேன். ஆளைப் பார்த்து நம்ப முடியாது, கருவியும் விதியும் போதாது. பிறகு எதைப் பிடித்துக்கொண்டு படிப்பது?

#17 மறைக்கல்வி டீச்சர்

ஜான் பி. மெயர் என்று ஒரு அமெரிக்கக் கத்தோலிக்கக் குரு. இயேசுவைப் பற்றிப் பல தொகுதி எழுதினார், முதலாவது 1991-ல் வந்தது. தொடக்கத்திலேயே ஒரு கற்பனை வைப்பார். ஒரு கத்தோலிக்கர், ஒரு புராட்டஸ்டண்ட், ஒரு யூதர், ஒரு கடவுள் விஷயத்தில் முடிவு எடுக்காதவர். நால்வருமே விவரம் தெரிந்த வரலாற்றாளர்கள். ஹார்வர்ட் இறையியல் நூலகத்து அடித்தளத்தில் வைத்துப் பூட்டி, அரைவயிற்றுச் சாப்பாடு போட்டு, நால்வரும் ஒப்புக்கொள்ளும் அறிக்கையை எழுதி முடிக்கும் வரை வெளியே விடக்கூடாது! அதில் விசுவாசத்துக்கும் அவிசுவாசத்துக்கும் இடமில்லை, அவரவர் எதிராளியிடம் காட்டக்கூடிய ஆதாரம் மட்டும். அந்த அறிக்கை முழு இயேசு இல்லை என்று அவரே சொல்லிவிடுவார். மெலிந்துதான் இருக்கும். ஆனால் நான்கு பேரும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

#18 நாசரேத்காரன்

டீச்சர், நீங்கள் மெயரைக் கொண்டுவந்ததால் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. அதே முதல் தொகுதியில் இயேசுவின் சகோதரர்களைப் பற்றி அவர் என்ன முடிவுக்கு வந்தார்?

#19 மறைக்கல்வி டீச்சர்

எங்கே வருகிறீர்கள் என்று தெரிகிறது. 😊 கலாத்தியர் 1:19-ல் "கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபு". அன்னை மரியா என்றும் கன்னி என்பது எங்கள் நம்பிக்கை. சகோதரர் என்றால் ஒன்றுவிட்டவர் என்று 4-ம் நூற்றாண்டிலேயே ஜெரோம் விளக்கிவிட்டார். தமிழில் இது புரிய என்ன கஷ்டம்? பெரியப்பா மகனும் எனக்கு அண்ணன்தான், சித்தி மகனும் தம்பிதான். "உடன்பிறந்த தம்பியா?" என்று தனியாகக் கேட்டால்தான் தெரியும்.

#20 நாசரேத்காரன்

தமிழுக்குச் சரி. கிரேக்கத்தில் ஒன்றுவிட்ட சகோதரனுக்குத் தனிச்சொல் இருக்கிறது, "அனெப்ஸியோஸ்". அது பவுல் பெயரில் உள்ள கடிதத்திலேயே வருகிறது, கொலோசெயர் 4:10, பர்னபாவுக்கு மாற்கு என்ன உறவு என்று சொல்லும் இடம். யாக்கோபுக்கு அந்தச் சொல் இல்லை, "அடெல்ஃபோஸ்" என்றே இருக்கிறது.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இதை எழுதுவதற்கு முன் எங்கள் பழைய திருப்புதலைத் திறந்து பார்த்தேன். அங்கே "பர்னபாவுக்கு இனத்தானாகிய மாற்கு" என்று இருக்கிறது. இனத்தான்! நாற்பது வருடமாக அந்த வசனத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். அங்கே என் வாதத்துக்கு ஒரு சொல் புதைந்து கிடப்பது எனக்கே தெரியாது.

#21 மறைக்கல்வி டீச்சர்

மெயர் என்ன சொன்னார் என்று நானே சொல்கிறேன். நம்பிக்கையை ஒதுக்கி வைத்துவிட்டு வரலாற்றாளராக மட்டும் பார்த்தால், உடன்பிறந்தவர்கள் என்பதே அதிக வாய்ப்புள்ள முடிவு என்று எழுதினார். குருவாகவும் இருந்துகொண்டுதான் எழுதினார். முதல் தடவை அந்தப் பக்கத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்துத்தான் மறுபடி எடுத்தேன். என் நம்பிக்கை மாறவில்லை. ஆனால் வகுப்பில் பிள்ளைகளிடம் "கிரேக்கத்தில் ஒரே சொல்தான் உண்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, அதை நிறுத்திவிட்டேன். அது தவறான தகவல்.

#22 கருஞ்சட்டை

டீச்சருக்கு மேலும் ஒரு சாட்சி தருகிறேன். யூத வரலாற்றாளர் ஜொசீபஸ், கி.பி. 93 வாக்கில் முடித்த நூலின் 20-ம் புத்தகம். தலைமைக் குரு அனானஸ் ஒருவரை நிறுத்தி விசாரித்துக் கல்லெறியக் கொடுத்தார் என்கிறார். அந்த ஆள் "கிறிஸ்து எனப்படும் இயேசுவின் சகோதரன், பெயர் யாக்கோபு". அங்கேயும் "அடெல்ஃபோஸ்" தான். ஜொசீபஸ் கிறிஸ்தவர் இல்லை, மரியா கன்னியா இல்லையா என்பதில் அவருக்கு எந்த அக்கறையும் கிடையாது. 18-ம் புத்தகத்தில் இயேசுவைப் புகழும் பத்தியில் கிறிஸ்தவக் கை விளையாடியிருக்கிறது என்பது ஊரறிந்த கதை, அதை நான் எடுக்கவில்லை. இந்தச் சின்ன வரியில் புகழ்ச்சியே இல்லை. ஆகவே யாக்கோபு இயேசுவின் தம்பி, சந்தேகமே வேண்டாம்.

#23 நாசரேத்காரன்

அண்ணே, மெதுவாக. இரண்டாவது பதிவில் இயேசு என்று ஒரு ஆள் இருந்தாரா என்பதே சந்தேகம் என்றீர்கள். இப்போது தம்பியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள். ஆள் இல்லாமல் தம்பி எப்படி?

#24 லேப் எலி

😂😂

#25 கருஞ்சட்டை

பத்து நிமிடமாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டீச்சரை மடக்கும் அவசரத்தில் என் காலடிக் கல்லை நானே உருவிவிட்டேன். அந்த 20-ம் புத்தகத்து வரியும் இடைச்செருகல் என்று வாதிடுபவர்கள் உண்டு. நேற்று வரை அவர்கள் பக்கம்தான் இருந்தேன், நேற்று எனக்கு அது வசதி. இன்றைக்கு அந்த வரி நிஜமாக இருப்பது வசதியாகிவிட்டது. இரண்டு தரப்பையும் முழுதாகப் படித்துவிட்டு வருகிறேன். அது வரைக்கும் அந்த இரண்டாவது பதிவின் கடைசி வரியை நிர்வாகி அழிக்க வேண்டாம், இருக்கட்டும்.

#26 ஏட்டுச்சுரைக்காய்

டீச்சர், மெயர் முதல் தொகுதியைத் தேடப் போகிறேன். யாக்கோபு வருகிற பக்கத்தை முதலில் படிக்கவா, வரிசையாகப் போகவா?

#27 மறைக்கல்வி டீச்சர்

வரிசையாகவே போங்கள் சார். அடிக்குறிப்புகளைத் தாண்டிவிடாதீர்கள், பாதிச் சண்டை அங்கேதான் நடக்கிறது.